பழைய வானொலி நாடகமும் மர்ம நாவலும்: பாலக்காட்டு எல்லையில் இருந்துகொண்டு தேடுவது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கொல்லங்கோடு பக்கம் இருக்கிற தமிழ்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய வானொலி நாடகம் கேட்க வேண்டும், துப்பறியும் மாத நாவல் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே மாதிரிதான் இருக்கிறது: எங்கே கிடைக்கும், என்ன விலை, அப்பா வைத்துவிட்டுப் போன கேசட்டை எப்படி கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் அலைந்து நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். வரலாறு இங்கே கிடையாது.

1. முதல் மாதம் ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள்

பத்துப் பேரில் பாதிப்பேர் முதலில் ரேடியோ பெட்டியையும் ஒரு மூட்டைப் புத்தகத்தையும் வாங்கிவிடுகிறார்கள். பிறகுதான் தங்களுக்குப் பிடித்தது நாடகமா, நாவலா, காமிக்ஸா என்று யோசிக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள இலவசமாகக் கிடைப்பதே போதும்.

நாவலுக்கு வடுவூர் துரைசாமி ஐயங்கார் (1880–1942), ஆரணி குப்புசாமி முதலியார் (1866–1925) இருவரில் ஒருவரைக் கொண்டு தொடங்கலாம். இருவர் நூல்களும் பொதுச்சொத்து ஆனவை. விக்கிமூலத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடுங்கள். முதல் ஐம்பது பக்கம் நடை கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஆள்மாறாட்டம், ரகசிய அறை, மாறுவேடச் சாமியார் என்று போகும் கதைகள். இந்தக் காலத்து தொலைக்காட்சித் தொடர் எதிலிருந்து வந்தது என்பதும் அங்கேயே புரிந்துவிடும்.

நாடகத்துக்கு ஆங்கிலம் புரியுமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போங்கள். அமெரிக்க வானொலி நாடகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சிபிஎஸ் வானொலியில் 1942 முதல் 1962 வரை ஓடிய ‘சஸ்பென்ஸ்’ தொடர் தொடங்குவதற்குத் தோதானது. அரை மணி நேரத்தில் ஒரு கதை முடிந்துவிடும், முன்கதை தெரிய வேண்டியதில்லை. இலங்கைத் தமிழ் ஒலிப்பதிவுகளுக்கு ‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் ‘ஆவணகம்’ தளத்தைப் பாருங்கள். ஆகாசவாணியின் பழைய பதிவுகள் சில பிரசார் பாரதியின் யூடியூப் பக்கங்களில் இருக்கின்றன.

தமிழில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். வானொலி நாடகம் வேறு, ஒலிச்சித்திரம் வேறு, திரைப்பட வசனக் கேசட் வேறு. ஒலிச்சித்திரம் என்பது சினிமாவின் ஒலியை வெட்டிச் சுருக்கி ரேடியோவில் போடுவது. யூடியூபில் மூன்றையும் ஒரே தலைப்பில் ஏற்றிவைத்திருப்பார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. ஒலிச்சித்திரத்தில் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இசை மட்டும் ஓடினால், அங்கே திரையில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். ரேடியோவுக்கென்று எழுதிய நாடகத்தில் அந்த மாதிரி ஓட்டையே இருக்காது.

2. கேட்கும் முறை, படிக்கும் முறை

இதை ஒரு படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நாடகத்தைப் போட்டுவிட்டு வாட்ஸப்பைத் தள்ளிக்கொண்டிருந்து, பத்து நிமிடத்தில் “சுவாரசியம் இல்லை” என்று அணைத்துவிடுகிறவர்கள் நிறைய. கண்ணுக்கு வேறு கதை கொடுத்துவிட்டால் காது இந்தக் கதையை வாங்காது. ஆனால் கைக்கு வேலை இருக்கலாம். கீரை ஆய்வது, துணி மடிப்பது, தேங்காய் உரிப்பது எல்லாவற்றோடும் வானொலி நாடகம் ஒத்துப்போகும். இத்தனை வருடம் கழித்தும் இது அலுக்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். அந்த வீட்டையும் அந்த ஆளையும் நாமே கட்டிக்கொள்கிறோம், நாம் கட்டியதை விட்டுவிட்டு எழுந்துபோக மனம் வராது.

நல்ல நாடகம் எது என்று முதல் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். மேடையில் ஒருத்தி கடிதத்தோடு உள்ளே வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ரேடியோவில் யாராவது சொல்லியாக வேண்டும். சுமாரான எழுத்தாளர் “என்ன பார்வதி, கையில் கடிதத்தோடு வாசலிலேயே நிற்கிறாய்?” என்று எழுதுவார். கைதேர்ந்தவர் காகிதம் கிழியும் சத்தத்தைப் போட்டுவிட்டு, அவள் மூச்சை மட்டும் விட்டுவைப்பார். நாமே பயந்துகொள்வோம். ஹெட்ஃபோன் இருந்தால் கதவு, காலடி, மழை மூன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள். இரண்டு நாடகத்தில் காது பழகிவிடும்.

மாத நாவலுக்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ராஜேஷ்குமார் பாணிக் கதைகளில் ஒற்றைப்படை அத்தியாயம் ஒரு ஊரில், ஒரு ஆளோடு போகும். இரட்டைப்படை அத்தியாயம் வேறு ஊர், வேறு ஆட்கள். கடைசி சில பக்கங்களில்தான் இரண்டும் முட்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் “இரண்டு கதையைக் கலந்து அச்சடித்துவிட்டார்களோ” என்று கேட்டதுண்டு. ஒரே உட்காரலில் படித்து முடிக்க எழுதியவை இவை. நாலு நாள் இழுத்தால் முதல் பாதி மறந்து, முடிச்சு அவிழும்போது ஒன்றும் தோன்றாது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் ரயிலில் ஏறும்போது எடுத்தால் இறங்குவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்.

3. ரேடியோ வாங்குவதற்கு முன்

இப்போது விற்கும் மலிவான செட்டுகளில் பல வெறும் எஃப்எம். நிலையங்களின் பழைய அலைவரிசை வேண்டுமென்றால் மீடியம் வேவ் இருக்க வேண்டும். கோவை 999, திருச்சி 936, திருச்சூர் 630 கிலோஹெர்ட்ஸ். ஆனால் மீடியம் வேவ் ஒலிபரப்பிகளைப் பல ஊர்களில் மூடிக்கொண்டு வருகிறார்கள். அதனால் பக்கத்து வீட்டுச் செட்டையாவது வாங்கி உங்கள் வீட்டில் வைத்துக் கேட்டுப்பார்த்த பிறகு காசை எடுங்கள். புதுச் செட் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கரகரப்பு வந்தால் உடனே கடைக்காரரைத் திட்ட வேண்டாம். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் எல்லாம் மீடியம் வேவைக் கெடுக்கும். கொல்லங்கோடு மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் போட்டிருக்கும் சோலார் வேலி இன்னும் மோசம். வினாடிக்கொரு தரம் ‘டிக், டிக்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது வேலிதான். செட்டை அடாப்டரில் போடாமல் பேட்டரியில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆன்டெனா ஒரு திசையில் நன்றாக வாங்கும், இன்னொரு திசையில் வாங்காது.

இதெல்லாம் தொந்தரவு என்றால் ஆகாசவாணியின் ‘நியூஸ்ஆன்ஏர்’ செயலியில் நிலையங்களை நேரலையில் கேட்கலாம். நாடகம் எந்த நாள், எந்த நேரம் என்பதை நிலையத்துக்குப் போன் செய்து கேளுங்கள், இணையத்தில் கிடைக்கும் நிகழ்ச்சிப் பட்டியலை நம்பாதீர்கள். பழைய நாடகப் பதிவு வேண்டும் என்று எழுதிக் கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: டேப்பை அழித்து மறுபடி பதிவு செய்வது அந்தக் காலத்து வழக்கம். இல்லை என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் உண்மைதான்.

4. பழைய புத்தகம்: எங்கே, எப்போது, எவ்வளவு

நம் பக்கத்தில் மூன்று வழி. ஒன்று, கோவை உக்கடம். பாலக்காட்டுப் பஸ்ஸும் பொள்ளாச்சிப் பஸ்ஸும் வந்து நிற்கிற இடம் என்பதால் நமக்கு வசதி. பழைய புத்தகக் கடைகள் இடம் முன்பின் மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள். இரண்டு, பொள்ளாச்சிப் பழைய பேப்பர் கடைகள். மூன்று, நம்மூர் ஆக்ரிக்கடை (பழைய சாமான் கடை). மூன்றாவதை யாரும் மதிப்பதில்லை, விலை குறைவாகக் கிடைப்பது அங்கேதான்.

நேரம் முக்கியம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பழைய புத்தகக் கடைகள் பாடப்புத்தகத்தில் மூழ்கியிருக்கும். கதைப்புத்தகம் கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போகிக்கு முந்தின இரண்டு வாரமும், கேரளப் பக்கம் ஓணத்துக்கு முன்னாலும் வீடுகளில் பரண் காலியாகும். அந்தச் சமயம் பேப்பர் கடையில் காலையிலேயே நில்லுங்கள். “சேட்டா, தமிழ்க் கதைப்புஸ்தகம் வந்தா கட்டாம எடுத்து வைங்க” என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது அதைவிட நல்லது. லாரி வந்து கட்டை ஏற்றிவிட்டால் போச்சு.

விலை கேட்கும்போது ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்காதீர்கள், எடைக்குக் கேளுங்கள். நியூஸ்பிரிண்ட்டில் அச்சான சின்ன மாத நாவல் கிலோவுக்குப் பதினைந்து புத்தகத்துக்குப் பக்கமாக நிற்கும். உக்கடத்தில் உதிரியாக எடுத்தால் எனக்கு ஒன்று 10 முதல் 30 ரூபாய் வரை ஆனது. காமிக்ஸ் கதை வேறு. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன், ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் ஆரம்ப இதழ்களுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்பது கடைக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. படிக்க மட்டும் ஆசை என்றால் மறுபதிப்பு வாங்குங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை:

- கடைசிப் பக்கம். கொலைகாரன் யார் என்பது கிழிந்துபோன மர்ம நாவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாடகை நூலக முத்திரை குத்திய புத்தகங்களில் இது அதிகம்.
- நடுப்பக்கப் பின். துருப்பிடித்திருந்தால் நடு எட்டுப் பக்கம் கழன்று எங்கேயோ போயிருக்கும். பக்க எண்ணை ஓட்டிப் பாருங்கள்.
- வாரப்பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்து வீட்டில் பைண்டு செய்த தொகுதி கிடைத்தால் அத்தியாய எண்ணைச் சரிபாருங்கள். ஒரு வாரம் விட்டுப்போயிருப்பது சகஜம். அப்படி இருந்தாலும் நான் வாங்கிவிடுவேன். ஓவியங்களும், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த அந்தக் காலத்துச் சோப்பு விளம்பரமும் தனிப் புத்தகத்தில் கிடைக்காது.

மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் ஆக்ரிக்கடையில் துப்பறியும் நாவலாசிரியர் கோட்டயம் புஷ்பநாத்தை விட்டுவிடாதீர்கள். 2018இல் மறைந்தார். ஐரோப்பாவின் கார்பாத்தியன் மலையில், அங்கேயெல்லாம் போகாமலேயே, துப்பறிவாளரை அலையவிட்ட மனிதர். எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சு மட்டும் புரியும் என்கிற நம் ஆட்கள், தெரிந்த பிள்ளை ஒன்றை உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதுவும் ஒரு வானொலி நாடகம் மாதிரிதான்.

மூட்டையோடு எல்லை தாண்டும்போது: புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் வேலந்தாவளம், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் எக்சைஸ்காரர்கள் சாக்கைப் பிரிக்கச் சொல்வதுண்டு, அவர்கள் தேடுவது ஸ்பிரிட். கடையில் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய் தைத்த சாக்கைவிட அட்டைப்பெட்டி மேல், பிரித்து மூட ஒரு நிமிடம்.

5. நூலகம்: என்ன காகிதம் வேண்டும்

கேரளப் பக்கத்து வாயனசாலைகளில் (ஊர் நூலகங்களில்) சேர ஆதார் நகல், ஒரு போட்டோ, சிறிய வைப்புத்தொகை போதும். எல்லைக் கிராமங்களில் தமிழ் அலமாரி உள்ள வாயனசாலை எது என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் மாலையில்தான் திறப்பார்கள். தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களில் உட்கார்ந்து படிக்கத் தடையில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகக் கேரள முகவரியைக் காட்டினால் யோசிப்பார்கள். அந்த ஊரில் இருக்கும் மாமன், மச்சான் பெயரில் உறுப்பினராவதுதான் எல்லாரும் செய்வது.

அபூர்வமான நாவல் என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அங்கேயே வைத்துப் படிக்க வேண்டும். இணையப் பட்டியலில் தலைப்பைத் தேடிக் குறித்துக்கொண்டு, முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். சும்மா பார்க்கலாமே என்று போனால் அரை நாள் பட்டியலிலேயே போய்விடும்.

6. தபாலில் வரவழைப்பது

2025 மே 1 முதல் தபால் துறையில் ‘கியான் போஸ்ட்’ என்று புத்தகத்துக்கான கட்டணம் இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாக வருவதால் பொறுமை வேண்டும். இதில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை வெளிவரும் இதழும், விளம்பரம் உள்ள அச்சும் இதில் சேராது. மாத நாவல் என்பது சட்டப்படி மாத இதழ்தான், பின்னட்டையில் விளம்பரமும் இருக்கும். கவுன்டரில் திருப்பிவிட்டால் சண்டை போட வேண்டாம், சாதாரணப் பார்சலில் போடச் சொல்லுங்கள். பதிப்பாளர் பெயரோடு தனிநூலாக வந்த பதிப்பைக் கியான் போஸ்ட்டில் அனுப்பச் சொல்லலாம். கட்டு அனுப்புகிறவரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கட்டச் சொன்னால் செலவு குறையும்.

முகம் தெரியாதவருக்கு முழுப்பணத்தையும் ஜிபேயில் அனுப்பாதீர்கள். அட்டைப்பட போட்டோவை இணையத்தில் எங்கிருந்தும் எடுக்கலாம். “17ஆம் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள்” என்று கேளுங்கள். புத்தகம் கையில் இருக்கிறவர் அஞ்சு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

7. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது

வீட்டில் ரேடியோவிலிருந்து பதிவு செய்த கேசட் இருந்தால் புத்தகத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். புத்தகத்துக்கு இன்னொரு பிரதி எங்காவது இருக்கும். அந்தக் கேசட்டில் இருப்பது உலகத்திலேயே ஒன்றாக இருக்கலாம்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைப்பது. அது போய்விட்டால் பிளேயரில் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, தவறிக்கூட அழிக்க முடியாது. அடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி மாதிரி படர்ந்திருந்தால் பூஞ்சை. அதைப் பிளேயரில் போட்டால் ஹெட்டும் (நாடாவை உரசி ஒலியை எடுக்கும் பகுதி) கெடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். தனியாக எடுத்து வையுங்கள். பிறகு கேசட்டின் வாய்ப்பக்கம் நடுவில், செப்புத் தகட்டின் மேல் ஒட்டிய கடுகளவுக் கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். திருகாணி போட்ட கேசட்டாக இருந்தால், உபயோகமில்லாத பாட்டுக் கேசட்டிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து மாற்றிவிடலாம்.

தேவையானவை: ஓடுகிற நிலையில் ஒரு பழைய வாக்மேன் அல்லது டெக் (500 முதல் 1500 ரூபாய்), இரண்டு பக்கமும் முனை உள்ள 3.5 மில்லிமீட்டர் ஒயர், லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி. லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் சொருகினால் ஒலி உடைந்து வரும். மென்பொருளுக்கு ‘ஆடாசிட்டி’ போதும், இலவசம்.

1. ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்துக் காயவிடுங்கள்.
2. கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த நாடா இளகும்.
3. ‘ச’, ‘ஷ’ ஒலிகள் மழுங்கிக் கேட்டால் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சிறு ஸ்குரூவை இம்மியளவு திருப்புங்கள். முன்பு இருந்த நிலையைப் பேனாவால் குறித்துவிட்டுத் திருப்புங்கள்.
4. மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். அரை மணிக்குச் சுமார் 160 எம்பி ஆகும். அறுபது நிமிடக் கேசட்டை ஏற்ற அறுபது நிமிடம்தான், குறுக்குவழி கிடையாது.
5. கேட்பதற்கு எம்பி3 தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வேவ் கோப்பை அழிக்காதீர்கள்.

இரைச்சலை நீக்கும் வசதியை முழுசாகத் திருப்பிவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிற ஒரு கடையில் எனக்குத் தந்த கோப்பில் பின்னணி மழை முழுக்கத் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. கதையே ஒரு மழை ராத்திரியில் நடக்கிறது. கடையில் கொடுப்பதாக இருந்தால் “எதையும் சுத்தம் செய்ய வேண்டாம், அசல் வேவ் கோப்பு வேண்டும்” என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். கேசட்டுக்கு 100 முதல் 300 ரூபாய் வரை கேட்கிறார்கள்.

கோப்பின் பெயரில் நாடகம், நிலையம், தெரிந்தால் தேதி, குரல் கொடுத்தவர்கள். அட்டையில் அப்பா கையெழுத்து இருந்தால் அதையும் போட்டோ எடுத்துச் சேருங்கள். தேதி பல சமயம் அங்கேதான் இருக்கும்.

8. ஜூனுக்கு முன்

நம் பக்கத்து மழைக்காலம் நியூஸ்பிரிண்ட்டுக்கு எமன். மே மாதத்திலேயே புத்தகங்களை நிழலில் விரித்து உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தாள் அப்பளமாகிவிடும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடலாம். செல்லோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை தாளுக்குள் இறங்கிவிடும். இரும்பு பீரோவில், சுவரை விட்டு நாலு விரல் தள்ளி. வசம்புத் துண்டு போடுவதைப் பாட்டிமார் சொல்வார்கள், நானும் போடுகிறேன்.

9. பகிர்வதற்கு முன்

எழுதியவர் இறந்த வருடத்தோடு அறுபதைக் கூட்டுங்கள். அந்த வருடம் முடிந்திருந்தால் நூல் பொதுச்சொத்து. ஒலிப்பதிவுக்கு வெளியான வருடத்திலிருந்து அறுபது, ஆனால் நாடகத்தை எழுதியவரின் உரிமை தனியாக ஓடும். உங்கள் கேசட்டை உங்களுக்காக ஏற்றிக்கொள்வதில் பிரச்சினை இல்லை. அதை யூடியூபில் போடுவதற்கு முன்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறவர்களின் நாவலை டெலிகிராமில் பிடிஎஃப்பாகக் கேட்காதீர்கள், மின்னூலாக வாங்கினால் ஒரு டீ, வடை செலவுதான்.

புத்தகத்தை இரவல் கொடுப்பதாக இருந்தால் நோட்டில் பெயர், தேதி, போன் நம்பர் எழுதி வாங்குங்கள், சொந்தக்காரராக இருந்தாலும்.